அம்மாவின் நுரையீரல் புற்றுக்கு ரோபோ அறுவையா, வாட்ஸ் போதுமா?

உறையூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 61 வயது. பீடி, சிகரெட் புகையே இல்லாத வீடு எங்களுடையது. பல வருடம் விறகடுப்பில் சமைத்தவர், அவ்வளவுதான். விடாத இருமலுக்காக எடுத்த சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் மடலில் 2.6 செ.மீ. கட்டி தெரிந்தது. பயாப்ஸியில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று என்று வந்துவிட்டது. பெட் சிடியில் வேறு எங்கும் பரவியதாகத் தெரியவில்லை. மூளை எம்ஆர்ஐயும் சுத்தம்.

திருச்சியில் பார்க்கிற மருத்துவர், "வாட்ஸ் முறையில், அதாவது சிறு துளை வழியாகக் கேமரா விட்டு, மேல் மடலை எடுத்துவிடலாம்" என்கிறார். சென்னையில் இரண்டாவது கருத்துக்குப் போன இடத்தில், ரோபோவில் செய்தால்தான் நல்லது என்றார்கள். செலவு இரண்டு லட்சத்துக்கு மேல் கூடுகிறது. அப்பா நகையை அடகு வைக்கலாம் என்கிறார். பெரியப்பாவோ, மெஷின் கையில் உயிரைக் கொடுப்பதா என்று பயப்படுகிறார். அம்மா இருவரையும் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்.

ரோபோ என்றால் உண்மையில் என்ன? நோய் திரும்ப வராமல் இருக்க அது உதவுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேலம்_செந்தில்

அக்கா, நகையை இப்போதைக்குத் தொட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பத்துக் கோடிக்கு மேல் போட்டு வாங்கிய இயந்திரம் சும்மா நின்றால் எந்த மருத்துவமனைக்கும் கட்டுப்படியாகாது, அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே பரிந்துரைக்கிற ஆசை இருக்கத்தான் செய்யும். இங்கே மருத்துவர்கள் இருந்தால் நேராகவே கேட்கிறேன்: ரோபோவில் செய்துகொண்டவர்கள் கூடுதல் காலம் உயிரோடு இருந்தார்கள் என்று நிரூபித்திருக்கிறார்களா?

கோவை_தொராசிக்

நான் நெஞ்சக அறுவை மருத்துவர். வாட்ஸ், ரோபோ இரண்டும் செய்கிறேன், திறந்த அறுவையும் செய்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரியப்பாவுக்கு. இந்த ரோபோ தானாக எதையும் வெட்டாது, தானாக எதையும் முடிவு செய்யாது. நோயாளியின் மேசையிலிருந்து சில அடி தள்ளி ஒரு கன்சோலில் நான் உட்கார்ந்திருப்பேன். முப்பரிமாணத்தில், பல மடங்கு பெரிதாக, நெஞ்சுக்குள் இருப்பது தெரியும். என் விரல்கள் அசைந்தால் உள்ளே கருவி அசையும். கன்சோலிலிருந்து தலையை எடுத்துவிட்டால் கருவிகள் அதே இடத்தில் நின்றுவிடும். மேசைப் பக்கத்தில் இன்னொரு மருத்துவர் கவுன், கையுறையோடு முழு நேரமும் நிற்பார். கருவி மாற்றுவது, ரத்தத்தை உறிஞ்சி எடுப்பது எல்லாம் அவர் வேலை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? வாட்ஸில் நீளமான, நேரான கருவிகளை விலா எலும்புகளுக்கு இடையே உள்ள சிறிய துளை வழியாக நுழைக்கிறோம். உள்ளே கருவியின் நுனி மணிக்கட்டு போல வளையாது. பெரும்பாலான இடங்களில் படமும் தட்டையான திரையில்தான் தெரியும். ரோபோவில் நுனி எல்லாப் பக்கமும் திரும்பும், கையின் சின்ன நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும், என் கையின் பெரிய அசைவை உள்ளே சிறிய அசைவாகக் குறைத்துக்கொள்ளவும் முடியும். நிணநீர் முடிச்சுகளை ரத்தக்குழாயிலிருந்து பிரித்து எடுக்கும்போது இது கைக்கு மிகவும் இதமாக இருக்கிறது. மறுபக்கம், தொட்டுணர்வு இல்லை. திசு எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே ஊகிக்க வேண்டும். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி 5 என்ற ரோபோ மாதிரியில் விசையை உணரும் வசதியைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாதிரிகளில் அது இல்லை.

எந்த வழியில் போனாலும் உள்ளே நடக்கிற புற்று அறுவை ஒன்றுதான். அந்த மடலின் சிரையைப் பிரித்து வெட்ட வேண்டும், தமனியின் கிளைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும், மூச்சுக்குழாய்க் கிளையை ஸ்டேப்ளரால் மூடி வெட்ட வேண்டும், மடலைப் பைக்குள் போட்டு வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகள். இதைக் கடைசியில் சொன்னாலும் முக்கியத்துவத்தில் கடைசி கிடையாது, பின்னால் இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலையும் ஒரே அமர்வில் எடுத்தார். நோயாளி ஜேம்ஸ் கில்மோர், அவரும் மருத்துவர்தான். கில்மோர் பல்லாண்டு வாழ்ந்தார், கிரஹாமோ 1957இல் நுரையீரல் புற்றிலேயே இறந்தார். முழு நுரையீரலில் தொடங்கிய இந்த அறுவை பிறகு ஒரு மடலாகச் சுருங்கியது. 1990களின் தொடக்கத்தில், மிலானில் ரோவியாரோ போன்றவர்களின் கையில் அது கேமரா வழிக்கு மாறியது. 2002இல் இத்தாலியின் பீசா நகரிலிருந்து ஃப்ராங்கா மெல்ஃபி குழுவினர் நெஞ்சக அறுவையில் ரோபோவின் முதல் அனுபவங்களை வெளியிட்டார்கள். நெஞ்சைப் பெரிதாகத் திறக்காமல் அதே வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் இத்தனை காலமும் எங்கள் துறையின் கவலை.

உறையூர்க்காரி

மிக்க நன்றி டாக்டர். பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், பயம் பாதி குறைந்தது. ஆனால் செந்தில் தம்பி கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறதே?

ஸ்காபரோ_வாசி

வணக்கம் தங்கச்சி. நான் ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலையில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராக வேலை செய்கிறேன். உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு ஒன்று இங்கே ஒன்ராறியோவில், ஹமில்டன் நகர சென். ஜோசப்ஸ் வைத்தியசாலையில் வைத்தியர் வாயில் ஹன்னா தலைமையில் தொடங்கியது. பெயர் ராவல். ஆரம்ப நிலை நுரையீரல் புற்று உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் ரோபோ, வாட்ஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். எந்த முறையில் சத்திரசிகிச்சை நடந்தது என்று நோயாளிக்குச் சொல்லவில்லை. 2023இல் வெளிவந்த முதல் முடிவுகளில் 164 பேரின் தரவு இருந்தது. 12 வாரம் கழித்துக் கேட்ட வாழ்க்கைத்தர மதிப்பெண் ரோபோப் பக்கம் சற்றே கூடுதலாக இருந்தது. எடுத்த நிணநீர் முடிச்சுகள் ரோபோவில் நடுமதிப்பாக 10, வாட்ஸில் 8. கனடாவின் செலவுக் கணக்குப்படி அந்தக் கூடுதல் செலவு ஏற்கத்தக்கது என்றும் கண்டார்கள்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இங்கே நோயாளியின் கையிலிருந்து சத்திரசிகிச்சைக்குக் காசு போவதில்லை, அரசாங்கம் கட்டுகிறது. "ஏற்கத்தக்க செலவு" என்பது ஒரு மாகாணத்தின் சுகாதார வரவு செலவுக்கு ஏற்கத்தக்கது என்பது. அதை உங்கள் அப்பாவின் நகைக்குப் பொருத்த வேண்டாம்.

கோவை_தொராசிக்

மிகச் சரியாகச் சொன்னீர்கள். கூடவே ஷாங்காய் ருய்ஜின் மருத்துவமனையின் ஆர்விலோப் ஆய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 320 பேர், அங்கேயும் ரோபோவும் வாட்ஸும்தான். சிக்கல்கள், மருத்துவமனையில் தங்கிய காலம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ரோபோவில் நிணநீர் முடிச்சுகள் சற்றே அதிகம், செலவு கணிசமாக அதிகம். இத்தாலியில் நடந்த ரோமன் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் சிக்கல்களில் வித்தியாசம் காட்ட வழியில்லை என்று தெரிந்துவிட்டது. அதிலும் நிணநீர் முடிச்சுகள் ரோபோவில்தான் கூடுதல்.

ஆக செந்தில் கேட்டதற்கு நேரான பதில்: வாட்ஸைவிட ரோபோவில் செய்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள் என்று குலுக்கல் முறை ஆய்வு எதுவும் இதுவரை நிரூபிக்கவில்லை.

பெரிய தாவல் நடந்தது திறந்த அறுவையிலிருந்து வாட்ஸுக்கு வந்தபோதுதான். பிரிட்டனில் 503 பேரை வைத்து நடத்திய வயலெட் ஆய்வில், வாட்ஸில் செய்துகொண்டவர்கள் ஐந்தாவது வாரத்தில் உடலளவில் நன்றாகத் தேறியிருந்தார்கள். மருத்துவமனையில் இருந்த காலம் 5 நாளிலிருந்து 4 நாளாகக் குறைந்தது, சிக்கல்களும் குறைந்தன. உங்கள் அம்மாவுக்கு இரண்டு மருத்துவர்களுமே திறக்காத வழியைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பெரிய பலன் ஏற்கனவே கையில் இருக்கிறது.

சேலம்_செந்தில்

நேர்மையான பதிலுக்கு நன்றி டாக்டர். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கருப்பைவாய்ப் புற்றில் 2018இல் ஒரு பெரிய ஆய்வு வந்ததே? துளை வழி அறுவையும் ரோபோவும் செய்துகொண்ட பெண்களுக்கு, திறந்த அறுவை செய்துகொண்டவர்களைவிட நோய் அதிகம் திரும்பியது, இறப்பும் அதிகம் என்று. அதற்கு அடுத்த வருடம், புற்றுநோய் அறுவையில் ரோபோவின் பாதுகாப்பும் பலனும் இன்னும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே எச்சரித்தது. சிறிய தழும்பு, சீக்கிரம் வீட்டுக்கு என்று சொல்லிச் சொல்லியே பல வருடம் செய்துவிட்டு, பிறகுதான் உயிர்க் கணக்கைப் பார்த்தார்கள். நுரையீரலிலும் அப்படி நடக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கோவை_தொராசிக்

இந்தக் கேள்வியை ஒவ்வொரு குடும்பமும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த ஆய்வு எங்கள் எல்லோரையும் உலுக்கியது. வலியும் தழும்பும் குறைவதால் மட்டும் ஒரு புற்று அறுவையை நல்லது என்று சொல்லிவிட முடியாது.

நுரையீரலில் நிலைமை கொஞ்சம் வேறு. வாட்ஸ் முப்பது வருடமாக நடக்கிறது. பெரிய நோயாளிப் பதிவேடுகளிலும், குலுக்கல் ஆய்வுகளிலும், ஆரம்ப நிலை நோயில் திறந்த அறுவையைவிட நோய் அதிகம் திரும்பியதாகக் காணவில்லை. நான் சொன்ன ஷாங்காய் ஆய்வின் 3 ஆண்டு முடிவிலும் ரோபோவும் வாட்ஸும் ஒத்தே போயின. ராவலின் நீண்டகால உயிர்வாழ்வு முடிவுக்காக நானும் காத்திருக்கிறேன். ஆகவே, பயப்பட ஆதாரம் இல்லை. அதேபோல, ரோபோ நோயைத் திரும்ப வரவிடாது என்று வாக்குக் கொடுக்கவும் ஆதாரம் இல்லை. அப்படி யாராவது உறுதி சொன்னால் அவரிடம் ஆதாரம் கேளுங்கள்.

மயக்கவியல்_மேசை

நான் மயக்க மருந்து கொடுக்கிற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே யாரும் இதைத் தொடவில்லை.

நோயாளியை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, இரட்டைக் குழாய் போட்டு, அறுவை நடக்கிற பக்கத்து நுரையீரலுக்குக் காற்று போகாமல் நிறுத்திவிடுவோம். மற்ற நுரையீரல் மட்டும்தான் அந்த நேரம் முழுக்க மூச்சு விடும். ரோபோவில் பெரும்பாலும் நெஞ்சுக்குள் கார்பன் டை ஆக்சைடையும் மெல்லிய அழுத்தத்தில் செலுத்துவார்கள். இடம் விரியும், பார்வை தெளியும். ஆனால் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் ரத்த அழுத்தம் இறங்கும், அதை நாங்கள் விடாமல் கவனிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் ரத்தக்கசிவு. நுரையீரல் தமனியின் சுவர் மிக மெல்லியது. அது கிழிந்தால் நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். ரோபோவில் தலைமை மருத்துவர் கன்சோலில், கை கழுவாமல் இருப்பார். மேசையில் நிற்கிறவர்தான் பஞ்சு உருண்டையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், ரோபோக் கைகளைக் கழற்ற வேண்டும், தலைமை மருத்துவர் கை கழுவி வந்து நெஞ்சைத் திறக்க வேண்டும். நல்ல குழுக்கள் இதை ஒத்திகை பார்த்தே வைத்திருப்பார்கள்: யார் அழுத்துவது, யார் கழற்றுவது, ரத்தப் பை எங்கே என்று. சென்னை மருத்துவமனைக்கு மறுபடி போனால், மேசையில் நிற்கப்போவது யார், அவருக்கு நெஞ்சைத் திறக்கத் தெரியுமா என்று கேளுங்கள். நான் என் வீட்டாருக்கு என்றால் இதைத்தான் முதலில் கேட்பேன்.

இன்னொன்று. பாதியில் நெஞ்சைத் திறக்க வேண்டி வந்தால் அதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். ஆபத்து வருமுன் திறப்பது நல்ல மருத்துவரின் அடையாளம்.

சேலம்_செந்தில்

இது எங்கள் வீட்டில் நடந்தது. மாமனாருக்குச் சின்ன வயதில் டிபி வந்து குணமாகியிருந்தது. கேமரா வழியாகத்தான் தொடங்கினார்கள், உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததால் திறந்து செய்தார்கள். வலி அதிகம்தான். இப்போது நன்றாக நடமாடுகிறார். அக்கா, உங்கள் அம்மாவுக்குப் பழைய டிபி இருந்ததா?

உறையூர்க்காரி

ஆமாம் தம்பி! கல்யாணத்துக்கு முன்பு டிபிக்கு மருந்து சாப்பிட்டதாக அம்மா இப்போதுதான் சொல்கிறார். எந்த மருத்துவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

கோவை_தொராசிக்

உடனே இரண்டு மருத்துவர்களிடமும் சொல்லிவிடுங்கள். நம் ஊரில் இதுதான் அறுவையின் போக்கையே மாற்றுகிறது. டிபி ஆறிய இடத்தில் நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு ஒட்டியிருக்கும். அதைப் பிரிப்பது சுவரில் ஒட்டிக் காய்ந்த போஸ்டரைக் கிழியாமல் உரிப்பது மாதிரி. அதையாவது பொறுமையாகச் செய்துவிடலாம். உண்மையான தொல்லை, சுண்ணாம்பு படிந்து கல்லான நிணநீர் முடிச்சுகள். அவை தமனியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டுக்கும் நடுவே கருவி நுழைய இடமே இருக்காது. மேலை நாட்டு ஆய்வுகளில் வருகிற நோயாளிகளில் இந்தப் பிரச்சினை நம் அளவுக்கு இல்லை, அதனால் அந்த எண்களை அப்படியே இங்கே பொருத்த நான் தயங்குகிறேன்.

இந்த மாதிரி நெஞ்சில் ரோபோவின் வளையும் நுனி உதவும் என்பது என் அனுபவம். ஆனால் தொட்டுணர்வு இல்லாமல் கல்லான முடிச்சை இழுப்பது ஆபத்து என்பதும் அதே அனுபவம்தான். சிடி படத்தில் அந்த முடிச்சுகள் வெள்ளையாகத் தெரியும். எங்கே இருக்கின்றன, தமனிக்கு எவ்வளவு பக்கத்தில் என்று உங்கள் மருத்துவரையே படத்தில் காட்டச் சொல்லுங்கள்.

வேலூர்_வாசகி

குறுக்கே ஒரு சந்தேகம். முழு மடலையும் எடுக்காமல் சின்னப் பகுதியை மட்டும் எடுக்கலாம் என்று படித்தேனே? அதற்கு ரோபோ நல்லதாமே?

கோவை_தொராசிக்

நல்ல கேள்வி. 1995இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு முழு மடலை எடுப்பதே விதி என்று இருந்தோம். 2022இல் ஜப்பானின் ஜேகாக் 0802 ஆய்வு அதை மாற்றியது. நுரையீரலின் ஓரத்தில் 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி உள்ள 1,106 பேர். மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுத்தவர்களில் 94.3 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தார்கள், முழு மடல் எடுத்தவர்களில் 91.1. அதே இடத்தில் நோய் திரும்பியது மட்டும் பகுதி எடுத்தவர்களில் அதிகம், 10.5க்கு 5.4 சதவீதம். 2023இல் அமெரிக்க ஆய்வு ஒன்றும் இதே திசையில் வந்தது.

ரோபோ எனக்கு உண்மையாகவே பிடிப்பது இந்தப் பகுதி அறுவையில்தான். ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் கோடு கிடையாது. அந்தப் பகுதியின் தமனியை மூடிவிட்டு, ரத்தத்தில் ஐசிஜி என்ற பச்சைச் சாயத்தைச் செலுத்தி, அகச்சிவப்புக் கேமராவுக்கு மாற்றினால் ரத்தம் ஓடுகிற நுரையீரல் முழுக்கப் பச்சையாக ஒளிரும், எடுக்க வேண்டிய பகுதி மட்டும் இருண்டு நிற்கும். அந்த எல்லையிலேயே வெட்டலாம். வாட்ஸிலும் இதற்கான கேமரா உண்டு, ரோபோவில் அது கூடவே வருகிறது.

ஆனால் உறையூர் அம்மாவின் கட்டி 2.6 செ.மீ. இந்த ஆய்வுகளின் அளவுக்குள் வராது. அவருக்கு முழு மேல் மடலும் போக வேண்டும்.

மூச்சுப்பயிற்சி_ரேவதி

ஒரு மடல் போனால் அம்மாவால் மூச்சு விட முடியுமா என்று கவலைப்படுவீர்கள், கேட்காமலே சொல்கிறேன். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 19 பகுதிகள் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். வலது மேல் மடலில் 3 பகுதி. ஊதும் பரிசோதனையில் எஃப்இவி1, அதாவது முதல் ஒரு நொடியில் ஊதும் காற்று, 1.8 லிட்டர் என்றால், அதைப் 19ஆல் வகுத்து 16ஆல் பெருக்கினால் அறுவைக்குப் பிறகு மிஞ்சுவது ஏறக்குறைய 1.5 லிட்டர். வீட்டு வேலைக்கும் கோவில் பிராகாரம் சுற்றுவதற்கும் பெரும்பாலானோருக்கு இது தாராளம். எஃப்இவி1 மட்டும் பார்த்தால் போதாது, வாயு பரிமாற்றத் திறனைக் காட்டும் டிஎல்சிஓவும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றே தொடங்குங்கள்: தினமும் நடை, மாடிப்படி, மூன்று பந்து மூச்சுக் கருவி. அறுவை எந்த முறையில் நடந்தாலும் மறுநாளே உட்காரவைத்து, இருமவைத்து, நெஞ்சிலிருந்து காற்றையும் நீரையும் வெளியேற்றும் டிரெயின் குழாயோடு நடக்கவைப்போம். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி தேங்கி நிமோனியா வரும். வலி மருந்தைக் கேட்டு வாங்க அம்மாவிடம் சொல்லிவையுங்கள். நம் அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள், இந்த அறுவையில் அது கூடவே கூடாது.

பாலிசி_பாலா

செலவுப் பக்கம். ரோபோ அறுவையைக் காப்பீட்டு நிறுவனங்கள் நவீன சிகிச்சை என்று ஒதுக்கிவிடக் கூடாது எனக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019இலேயே சொல்லியிருக்கிறது. அந்த 12 சிகிச்சைகளின் பட்டியலில் ரோபோ அறுவையும் உண்டு. ஆனால் நிறுவனம் உள்வரம்பு வைத்திருக்கலாம். ஐந்து லட்சம் பாலிசியில் ரோபோவுக்கு இவ்வளவுதான் என்று பாதித் தொகையோடு நிறுத்தியிருந்தால், மிச்சம் உங்கள் கையிலிருந்து போகும். பாலிசி ஆவணத்தில் "நவீன சிகிச்சை முறைகள்" என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். முன் அனுமதி விண்ணப்பத்தில் மருத்துவமனை ரோபோ என்று எழுதுகிறதா, வாட்ஸ் என்று எழுதுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கூடுதல் தொகை எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள். ரோபோவின் ஒவ்வொரு கருவிக்கும் இத்தனை முறைதான் என்று ஆயுள் உண்டு, இயந்திரமே எண்ணிக்கொண்டு நிறுத்திவிடும். அந்தச் செலவு நியாயம். ஸ்டேப்ளரில் போடும் பின் தொகுப்புகள் வாட்ஸிலும் செலவாகும், அதை ரோபோவின் கூடுதலாகக் காட்டினால் கேளுங்கள்.

அரசுப் பக்கமும் விசாரியுங்கள். சென்னை ஓமந்தூரார் பன்னோக்கு மருத்துவமனையில் 2022இலேயே ரோபோ அறுவை வசதி தொடங்கினார்கள். நெஞ்சக அறுவைக்கு முறை கிடைக்குமா என்று நேரில் கேட்டுவிடலாம். இந்தியாவிலேயே தயாரான மந்த்ரா ரோபோவும் இப்போது பல இடங்களில் இருக்கிறது, காலப்போக்கில் விலை குறையும் என்று நம்புகிறேன்.

உறையூர்க்காரி

எல்லோருக்கும் கை கூப்புகிறேன். டாக்டர், நாளை மறுநாள் திருச்சி மருத்துவரைப் பார்க்கிறோம். என்ன கேட்பது?

கோவை_தொராசிக்

இந்த மடல் அறுவையை மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார் என்று கேளுங்கள், தயங்காதீர்கள். ரோபோ இருக்கிற ஊரில் வருடத்துக்குச் சிலருக்கு மட்டும் செய்கிறவரைவிட, வாட்ஸில் வாராவாரம் செய்கிறவரிடம் என் சொந்த அம்மாவை ஒப்படைப்பேன். பத்தில் எத்தனை பேருக்குத் திறக்க வேண்டி வருகிறது என்று கேளுங்கள். பூஜ்யம் என்றால் சிரமமான நோயாளிகளை அவர் எடுப்பதில்லை என்று பொருள் இருக்கலாம்.

அப்புறம் நான் தனியாக எழுதுகிறேன் என்று சொன்னது. எந்தெந்த நிணநீர் நிலையங்களை, அதாவது முடிச்சுகள் இருக்கும் இடங்களை, எடுப்பார் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மூச்சுக்குழாயை ஒட்டி, அது பிரிகிற இடத்துக்குக் கீழே, நுரையீரலின் வேரில் என்று இந்த முடிச்சுகளுக்கு எண் உண்டு. வலது பக்கத்தில் 4ஆர், 7, 10 போன்றவை. நெஞ்சின் நடுப்பகுதியிலிருந்து குறைந்தது மூன்று நிலையம், நுரையீரல் வேரிலிருந்து குறைந்தது ஒன்று என்பது அமெரிக்க அறுவை மருத்துவர் கழகத்தின் புற்றுநோய்த் தரம். பெட் சிடியில் ஒன்றுமில்லை என்றாலும் எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் நுண்ணிய பரவல் ஸ்கேனில் தெரியாது. மேலே சொன்ன ஆய்வுகளில் ரோபோவுக்குத் திரும்பத் திரும்பக் கிடைத்த ஒரே சாதகம் இதுதான். வாட்ஸில் இதே அளவுக்கு எடுக்கிற மருத்துவர் கிடைத்துவிட்டால், இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. எடுக்காத மருத்துவர் என்றால், அவர் கையில் ரோபோ இருந்தும் பயனில்லை.

ஸ்காபரோ_வாசி

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. தங்கச்சி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரும் கேட்கட்டும், அவருடைய நெஞ்சு.

உறையூர்க்காரி

போய் வந்தோம். அம்மாவே பேசினார். டிபியைப் பற்றிச் சொன்னதும் மருத்துவர் சிடி படத்தை மறுபடி திறந்து, இரண்டு வெள்ளை முடிச்சுகளைக் காட்டினார். ஒன்று தமனிக்குக் கொஞ்சம் பக்கத்தில். வாட்ஸில் தொடங்குவேன், சிரமம் என்றால் தயங்காமல் திறப்பேன் என்றார். நிணநீர் நிலையங்களைக் கேட்டதும், நாங்கள் எதிர்பார்க்காத அளவுக்கு ஒரு தாளில் வரைந்தே காட்டினார். வாரம் தவறாமல் இந்த அறுவை செய்கிறவர் என்று அங்கிருந்த செவிலியர்களும் சொன்னார்கள். அம்மா, "இவரிடமே செய்துகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டார். நகை பீரோவிலேயே இருக்கிறது.

மூச்சுப்பயிற்சி_ரேவதி

பந்துக் கருவியை ஆஸ்பத்திரிப் பையில் முதலில் எடுத்து வையுங்கள் அக்கா.

உறையூர்க்காரி

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. அந்த ஒரு முடிச்சைப் பிரிக்க நேரம் எடுத்தாலும் திறக்காமலே முடித்துவிட்டார். டிரெயினில் காற்றுக் கசிவு கொஞ்சம் இழுத்தது, பிறகு நின்றது. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார், மாடிக்கு ஏறுகிறார்.

இன்று பயாப்ஸி அறிக்கை வந்தது. கட்டி 2.6 செ.மீ., வெட்டு ஓரம் சுத்தம். நடு நெஞ்சில் எடுத்த நிலையங்கள் எல்லாம் சுத்தம். ஆனால் நுரையீரல் வேரில் 10ஆம் நிலையத்தில் ஒரு முடிச்சில் புற்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பெட் சிடியில் இது இல்லையே டாக்டர்? ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ் என்றும் இருக்கிறது. இனி என்ன?

கோவை_தொராசிக்

மனம் தளர வேண்டாம். அந்த முடிச்சை எடுத்ததால்தான் நமக்குத் தெரிந்தது. எடுக்காமல் விட்டிருந்தால் முதல் நிலை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போது இது இரண்டாம் நிலை, சிகிச்சை மாறுகிறது.

அறுவைக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் சார்ந்த கீமோ ஐந்து ஆண்டு உயிர்வாழ்வை ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளி உயர்த்துகிறது. ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள புற்றுக்காரர்களுக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை. அடாரா ஆய்வில் இரண்டாம், மூன்றாம்-ஏ நிலைக்காரர்களில் அதைச் சாப்பிட்டவர்களில் ஐந்து ஆண்டுக்குப் பிறகு 85 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், வெற்று மாத்திரை தரப்பில் 73. மூன்று வருடம் தினமும் சாப்பிட வேண்டும். கீமோ முதலில் வேண்டுமா என்பதை அம்மாவின் சிறுநீரகம், காது, உடல்நிலை பார்த்துப் புற்றுநோய் மருத்துவர் முடிவு செய்வார்.

பாலிசி_பாலா

அந்த மாத்திரை விலை அதிகம். 2024 பட்ஜெட்டில் சுங்க வரியை எடுத்தார்கள், அதன் பிறகு ஜிஎஸ்டியையும் 5 சதவீதமாகக் குறைத்தார்கள், இருந்தாலும் மாதாமாதம் பெரிய தொகைதான். ரோபோவுக்குப் போகாத பணம் இங்கே தேவைப்படும். வாங்குமுன் நிறுவனத்தின் நோயாளி உதவித் திட்டம் பற்றி மருத்துவமனை மருந்தகத்தில் கேளுங்கள். வாய்வழி கீமோவும் நான் சொன்ன 12 சிகிச்சைப் பட்டியலில் இருக்கிறது. இந்த மாத்திரை அதில் அடங்குமா, உள்வரம்பு எவ்வளவு என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோவை_தொராசிக்

அறிக்கையில் ஈஜிஎஃப்ஆர் என்பதற்குக் கீழே எக்ஸான் 19 நீக்கம் என்று இருக்கிறதா, எல்858ஆர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அடாரா ஆய்வு இந்த இரண்டுக்கும்தான். வேறு மாற்றம் என்றால் பேச்சே வேறு. எழுதியிருப்பதை அப்படியே இங்கே தட்டச்சு செய்து போடுங்கள், பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல். புற்றுநோய் மருத்துவரிடம் முன்பதிவை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.